தும்பிச் சிவப்பு

யாரோ மறுபடியும் பொம்மைகளின் மேல் போர்வையைப் போர்த்திவிட்டிருந்தார்கள். பூட்டுக்காரர் அதன் ஒரு முனையைப் பிடித்து, எதுவும் சாய்ந்துவிடாதபடி மெல்ல உருவி, சுருட்டி, மேஜைக்கு அடியில் தள்ளினார். அலமாரித் தட்டுகளில் விரல் உயரப் பூதங்களும் வாள் பிடித்த எலும்புக்கூடுகளும் டிராகன்களும் பழையபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"சாவு வீட்டுல இதெல்லாம் பல்லக் காட்டிட்டு நிக்கணுமா?" என்றாள் பெரியம்மா. இறந்தவளின் அக்கா அவள். மகளுக்குப் பெரியம்மா என்பதால் வீட்டில் எல்லோருக்குமே பெரியம்மாவாகிப் போனவள்.

"அவ பண்ணினது. நிக்கட்டும்."

"வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

"வர்றவங்களப் பாத்து அதுங்க பயப்படாம இருந்தா சரி" என்றார் பூட்டுக்காரர். பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே கூடத்துக்குப் போனாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் வேறொரு போர்வையோடு வருவாள் என்பது அவருக்குத் தெரியும்.

கூடத்தில் அவர் மனைவி படுத்திருந்தாள். விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. முற்பகலில் வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்கு வண்டி வரும். அதுவரை வருகிறவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் பூட்டுக்காரரின் வேலை. அந்த ஒரு வேலை அவருக்கு வரவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார். குளியலறைத் தாழ்ப்பாள் இறுகிக் கிடப்பது ஞாபகம் வந்து அதற்கு எண்ணெய் விட்டார். பின்கதவுப் பூட்டைக் கழற்றி, அதில் ஒரு குறையும் இல்லாததால் திரும்ப மாட்டினார். துக்கம் கேட்க வந்தவர்கள் அவரைத் தேடி வீடெல்லாம் சுற்ற வேண்டியிருந்தது. சட்டைப் பையில் குலுங்கிய சாவிக்கொத்தின் சத்தத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தார்கள்.

"எப்படி வெளிறிப் போயிட்டா பாரு. உதட்டுல பொட்டு ரத்தமில்ல" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது.

அவர் எட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது போன வாரம் கடைத்தெருவில் பேரம் பேசிய அதே முகம்தான். சிவப்பும் பச்சையும் பிறந்ததிலிருந்தே அவருக்கு ஒரே சேற்று நிறம். தக்காளியை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். முகம் வெளுப்பதும் சிவப்பதும் அவர் கேள்விப்பட்ட விஷயங்கள், பார்த்த விஷயங்கள் அல்ல. அப்படியானால் போன வாரமே இப்படித்தான் இருந்தாளோ என்று ஒரு நினைப்பு ஓடியது. அவர் அவசரமாக அங்கிருந்து நகர்ந்து மறுபடி அலமாரி இருந்த அறைக்கு வந்துவிட்டார்.

இப்படிப்பட்ட கண்ணுள்ள மனிதருக்கு வாய்த்த மனைவி, பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிறவள். சுவரிலிருந்து பெயர்ந்த நகமளவு சுண்ணாம்புச் செதிலைக் கொண்டுவந்து காட்டி இதே நிறம் வேண்டும் என்பார்கள். வெளிச்சத்தில் ஒரு தரம் திருப்பிப் பார்ப்பாள். பிறகு டப்பாவில் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க ஆரம்பிப்பாள். கலந்து முடித்தால் எது பழைய சுவர், எது புதுப் பூச்சு என்று வீட்டுக்காரனுக்கே தெரியாது. "உலகத்துல இருக்கற நிறமெல்லாம் எனக்கு, அதுல பாதி தெரியாத மனுஷனும் எனக்கு" என்று கடையில் சொல்லிச் சிரிப்பாளாம்.

வயதாகிக் கடையை விட்டு நின்றபோது அடுத்த தெருவில் பொம்மைக் கடை வைத்திருப்பவர் அவளைப் பிடித்துக்கொண்டார். தாடி வைத்த இளைஞர். அவர் கடையின் நீள மேஜையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வளர்ந்த ஆட்கள் கூடி, பிளாஸ்டிக் படைகளை நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். படைகள் வெறும் சாம்பல் நிறத்தில் வரும். நிறம் தீட்ட ஆள் வேண்டும். அவள் ஒரு பூதத்தைக் கையில் வாங்கி மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எங்க வாழுது? எதத் தின்னுது?" என்று கேட்டாளாம். கடைக்காரருக்குத் தெரியவில்லை. அவளே ஒரு முடிவுக்கு வந்து, குளவியின் மஞ்சளும் கருப்பும் தீட்டிக் கொடுத்தாள். மேஜையில் அதை வைத்ததும் எதிரே உட்கார்ந்திருந்தவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டானாம்.

"இல்லாத மிருகத்துக்கு இருக்கற மிருகத்தோட நிறத்தக் குடுக்கணும். அப்பதான் நம்புவாங்க. நம்ம இஷ்டத்துக்கு அடிச்சா அது வெறும் பொம்மை" என்பது அவள் கட்சி.

அன்று முதல் பூட்டுக்காரர் மிருகம் தேடும் ஆளானார். பூட்டு திறக்க எந்த வீட்டுக்குக் கூப்பிட்டாலும் போன இடத்தில் சன்னல் விளிம்பையும் விளக்குக்குக் கீழேயும் பார்ப்பார். செத்த வண்டு, உதிர்ந்த சிறகு, பல்லி விட்டுப்போன வால், எல்லாம் ஸ்பிரிங் போடும் தகர டப்பாவில் வீட்டுக்கு வரும். நிறம் தெரியாததால் நல்லது கெட்டது பார்க்காமல் அள்ளி வருவார். ஒரு தரம் தும்பி ஒன்று கொண்டுவந்தார். அவள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"என்ன நிறம்னு தெரியுமா இது? சொன்னாலும் உங்களுக்குப் புரியாது. சிவப்பு. இப்படி ஒரு சிவப்ப நான் கடையில கலந்ததே இல்ல" என்று சொல்லி அப்படியே மேஜைக்குப் போனாள். தும்பி செத்த பிறகு ரொம்ப நேரம் நிறம் தாங்காதாம். சாயங்காலத்துக்குள் விட்டுவிடுமாம். அன்று வீட்டில் சாப்பாடு கிடையாது. அந்தச் சிவப்பு டிராகன் இன்றும் பொம்மைக் கடைச் சன்னலில் நிற்கிறது. விற்க மாட்டேன் என்று கடைக்காரர் வைத்துக்கொண்டுவிட்டார். அது நடந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

மேஜையில் வேலை நடக்கும்போது அவளுக்குப் பக்கத்தில் இரண்டு கோப்பைகள் இருக்கும். ஒன்றில் தேநீர், விளிம்பு உடைந்த மற்றதில் பிரஷ் கழுவும் தண்ணீர். அவள் தேநீரில் பிரஷ்ஷை விடுவதும், அவர் பிரஷ் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு "இன்னிக்கு என்ன, கொஞ்சம் துவர்ப்பா இருக்கு?" என்பதும் அந்த வீட்டின் பழைய வேடிக்கை. பிரஷ் கழுவுவது அவள் வேலை, உடைந்த கோப்பையைக் கழுவுவது அவர் வேலை என்று எப்போதோ பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அந்தக் கோப்பை மேஜையிலேயே இருந்தது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று காலையில் வைத்தது. தண்ணீர் வற்றி அடியில் சேறு போல ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அதைக் கழுவ அவருக்குக் கை வரவில்லை. கழுவிவிட்டால் அவர் செய்து கொடுக்க அவளுக்கு வேறு எந்த வேலையும் மிச்சம் இருக்காது.

மகள் அறைக்குள் வந்தாள். வேறு ஊரில் இருப்பவள். காலையில்தான் வந்து சேர்ந்தாள். வந்ததிலிருந்து அவளும் உட்காரவில்லை. அப்பாவின் கால் அவளுக்கும்.

"டாக்டர் என்னப்பா சொன்னார்? சரியாச் சொல்லுங்க."

"எத்தன தடவ சொல்றது. நுரையீரல்னார்."

"எத்தன நாளா இருந்திருக்கும்னார்?"

"மாசக்கணக்கா."

"இருமல்ல ரத்தம் வந்திருக்குமே. அதக் கேக்கலயா?"

"கேட்டார். உங்கம்மா இல்லன்னா. இப்பத்தான் ரெண்டு நாளான்னா." பூட்டுக்காரர் சாவிக்கொத்தை வெளியே எடுத்து, உள்ளே போட்டார். "அவர் என்னப் பாத்தார். வீட்டுல யாருமே கவனிக்கலயான்னார்."

"பக்கத்துலயேதானப்பா இருந்தீங்க" என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "உங்கள ஒண்ணும் சொல்லலப்பா. உங்களுக்கு எப்படித் தெரியும்." அவர் தோளில் கையை வைத்தாள். எடுத்தாள். "யாராவது பாத்திருந்தா சீக்கிரமே கொண்டு போயிருக்கலாம். கண்ணிருக்கறவங்க ஒருத்தராவது பாத்திருந்தா."

அவள் அலமாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள். வரிக்குதிரைக் கோடு போட்ட பூதங்கள். கருப்பு முதுகும் வெள்ளை வயிறுமாகப் பென்குயின் போலக் குட்டைப் படைவீரர்கள். குளவிக் கூட்டம். நீல வண்ணத்துப்பூச்சியின் நிறத்தில் ஒரு சூனியக்காரி. முடிந்த பொம்மைகள் அப்போதைக்கப்போது கடைக்குப் போய்விடும். இவை மழைக்காலம் முடிந்த பிறகு வந்தவை.

பூட்டுக்காரருக்கு இந்தத் தட்டுகளைப் பற்றிப் பெருமை உண்டு. மழை விட்ட ஒரு நாள் அவள் சிவப்பு பாட்டில்களையும் பச்சை பாட்டில்களையும் பொறுக்கி ஒரு பையில் போட்டு, "இதக் கடையில திருப்பிக் குடுத்துட்டு வாங்க. இனிமே உங்களுக்குத் தெரியற நிறத்துலதான் அடிக்கப் போறேன்" என்றாள். "இத்தன வருஷம் கழிச்சு என்ன திடீர்னு?" என்று கேட்டதற்கு, "உங்களுக்குக் காட்டாம யாருக்குக் காட்டறது" என்றாள். கருப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள். பையைத் தூக்கிக்கொண்டு போனபோது அந்த வயதிலும் அவருக்குக் கூச்சமாக இருந்தது. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டும் போலவும் இருந்தது.

"எங்கப்பா அது?" என்றாள் மகள்.

"எது?"

"சிவப்பு டிராகன். அம்மா கூட வச்சு அனுப்பலாம்னு பாத்தேன். கையில ஒண்ணு இருக்கட்டும்."

"எந்தச் சிவப்பு டிராகன்?"

"போன மாசம் நான் வந்திருந்தப்ப அடிச்சிட்டிருந்தாங்களே. பொம்மைய நான் பாக்கல, தண்ணியத்தான் பாத்தேன்." அவள் மேஜையைக் காட்டினாள். "இந்தக் கோப்பதான். அன்னிக்குக் காலையில எடுத்து ஓரமா வைக்கப் போனேன். உள்ள செவசெவன்னு இருந்துது. யாரு ரத்தம்மா இதுன்னு கேட்டேன். டிராகனோடதுன்னாங்க. வெடுக்குன்னு கையிலேர்ந்து வாங்கிட்டாங்க. என்ன மிருகம்னு கேட்டேன். சிவப்புத் தும்பின்னாங்க." அவள் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "பாவம் டிராகன், நிறைய ரத்தம் போயிருக்குன்னு சொல்லிச் சிரிச்சேன். அவங்களும் சிரிச்சாங்க."

பூட்டுக்காரர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

போன மாதம் இந்த வீட்டில் சிவப்பு கிடையாது. ஒரு சொட்டுக் கூடக் கிடையாது. பையைச் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தான்.

தினமும் சாயங்காலம் அந்தக் கோப்பையைக் கழுவியவரும் அவர்தான். பார்க்க எப்போதும் போலச் சேற்றுத் தண்ணீர். ஆனால் சில நாள் அடியில் விரலை விட்டால் வழவழவென்று இருந்தது. பூட்டின் உள்ளே இருக்கும் முடியளவு பிசிறையும் கண்டுபிடிக்கிற விரல் அது. "என்ன இது கோந்து மாதிரி?" என்று அடுக்களையிலிருந்தே கேட்டார். "புது வார்னிஷ்" என்றாள். அவர் நன்றாகச் சுரண்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

துக்கம் என்று அவர் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தது இப்போதுதான் வந்தது. கூடவே கோபமும் வந்தது. இப்படியுமா ஒருத்தி இருப்பாள். அவர் கண்ணுக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறாள்.

"இந்தத் தட்டுல இல்ல" என்று மகள் குனிந்து கீழ்த் தட்டைப் பார்த்தாள். நீலப் பூதங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். "இதுலயும் இல்ல. சிவப்பா ஒண்ணுமே இல்லயேப்பா."

அவளைத் தேட விடக்கூடாது என்பது மட்டும் அவருக்கு உறைத்தது. யார் ரத்தம் என்று கேட்டவள் அவள். கேட்டுவிட்டுச் சிரித்தவள். தனக்காவது கண்ணைச் சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். அவளுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. தெரிந்தால் இந்தப் பெண் ஆயுசுக்கும் அந்தக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நிற்பாள்.

"அது கடைக்குப் போயிருச்சும்மா" என்றார். "முடிஞ்ச உடனே அவர் வந்து எடுத்துட்டுப் போயிட்டார்."

"அப்படியா?" அவள் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். சின்னச் சின்ன பாட்டில்கள் வரிசையாக இருந்தன. விரலால் தட்டிக்கொண்டே போனாள். "இங்க சிவப்பு பாட்டிலே இல்லயே."

"தீந்திருக்கும்."

"எல்லாமேவா?"

"அம்மாடி, அந்த இழுப்பற கொஞ்சம் மக்கர் பண்ணும், மூடிரு" என்று அவர் தானே போய் அதைத் தள்ளி மூடினார். அதில் ஒரு மக்கரும் கிடையாது. "நான் போய் அந்த டிராகன வாங்கிட்டு வரேன்."

"போன் பண்ணினா அவரே கொண்டு வரப்போறார். நீங்க ஏம்ப்பா?"

"பக்கத்துத் தெருதான்." அதற்குள் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டுவிட்டார்.

வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர் படியிறங்கிப் போவதைப் பார்த்தார்கள். "எங்க கிளம்பிட்டார் இந்த மனுஷன்? யாராவது கூடப் போங்களேன்" என்று பெரியம்மாவின் குரல் கேட்டது. அவர் திரும்பவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. தெரு வழக்கம் போல இருந்தது. சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஓடவில்லை. ஆனால் கால் அவர் சொன்னபடி மெதுவாகவும் போகவில்லை.

ஏன் இப்படிச் செய்தாள் என்று தானாகவே கேள்வி ஓடியது. ஆஸ்பத்திரி என்றால் அவளுக்கு ஆகாது. ஊசி போடுகிறவரைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தெரிந்தால் இவர் விட்டிருக்க மாட்டார், தூக்கிக்கொண்டாவது போயிருப்பார். அது அவளுக்குத் தெரியும். ஆனால் சிவப்பை ஏன் விட்டாள்? வேறு சிவப்பைத் தினமும் பார்த்துச் சலித்துப் போயிற்றா? இல்லை, அவள் சொன்னது போல நிஜமாகவே இவருக்காகத்தானா? கேட்டால் சொல்லுகிற ஆள் கூடத்தில் படுத்திருக்கிறாள். இரண்டுமாக இருக்கட்டும் என்று அவர் நினைத்துக்கொண்டார். இரண்டாவதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

பொம்மைக் கடைக்காரர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் அப்படியே நிறுத்திவிட்டார்.

"சார், நானே வந்துட்டுதான் இருந்தேன். நீங்க ஏன் சார்..."

"அந்தத் தும்பி டிராகன் வேணும்."

"சன்னல்ல இருக்கறதா?"

"ஆமா. அவகூட அனுப்பணும்."

கடைக்காரர் குனிந்து உள்ளே போய் அதை எடுத்துவந்தார். உள்ளங்கை அளவு டிராகன், இறக்கையை விரித்தபடி. ஊதித் தூசியைத் தட்டினார். "பெயிண்ட் அம்மாவோட முதல் டிராகன் சார் இது. தாராளமா எடுத்துட்டுப் போங்க. ஆனா ஒண்ணு." கொஞ்சம் தயங்கினார். "வெயில்ல இருந்து இருந்து ஒரு பக்கம் வெளுத்துப் போச்சு. சிவப்புதான் சார் முதல்ல போகும். திருப்பி அடிச்சுத் தாங்கன்னு மழைக்கு அப்புறம் கேட்டேன். இனிமே சிவப்பு தொடறதில்லன்னுட்டாங்க."

"எந்தப் பக்கம் வெளுத்திருக்கு?"

கடைக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு, அவர் கட்டைவிரலைப் பிடித்து டிராகனின் இடது இறக்கையின் மேல் வைத்தார். "இது சார். இந்தப் பக்கம் பூரா. வயிறு வரைக்கும்."

"ரொம்பத் தெரியுதா?"

"பாத்தாத் தெரியும் சார்."

பூட்டுக்காரர் டிராகனை வாங்கிக்கொண்டார். "என் பொண்ணு கேட்டா, இது போன மாசம் அடிச்சதுன்னு சொல்லணும். நீங்க வந்து எடுத்துட்டுப் போனீங்க. சரியா?"

கடைக்காரர் வாயைத் திறந்தார். ஏன் என்று கேட்கப் போகிறார் என்றுதான் தோன்றியது. கேட்கவில்லை. "சரி சார்" என்று சொல்லி ஷட்டரைப் பூட்டினார். பூட்டுக்காரர் பழக்க தோஷத்தில் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.

திரும்பும்போது கடைக்காரரும் கூட வந்தார். அவர் டிராகனை இடது இறக்கை உள்ளங்கைக்குள் போகிற மாதிரி பொத்திப் பிடித்திருந்தார். வாலின் நுனி மணிக்கட்டில் குத்தியது. அந்தச் சிவப்பு எதைப் போல இருக்கும் என்று எத்தனையோ தரம் அவளிடம் கேட்டிருக்கிறார். சூடா இருக்கற தோசைக்கல்லத் தொட்டா சுரீர்னு இருக்குமே, அது மாதிரி என்பாள். ஒரு தரம், நீங்க பூட்டு திறக்கறப்ப கிளிக்குனு ஒரு சத்தம் வருமே, அந்த நேரம் மாதிரி என்றாள். அதுதான் அவருக்குக் கொஞ்சம் விளங்கியது.

வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றிருந்தது. நாலு மணிக்கு வருவது முன்கூட்டியே வந்துவிட்டது. ஓட்டுநர் இறங்கி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பூட்டுக்காரர் உள்ளே போனார். பெரியம்மா, "எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்று ஆரம்பித்து, அவர் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டாள்.

மகள் கூடத்தில் இல்லை. அவர் அலமாரி அறையை எட்டிப் பார்த்தார். பொம்மைகள் எல்லாம் தட்டுகளில் ஒழுங்காகத் திரும்ப நிறுத்தப்பட்டிருந்தன. போர்வை இல்லை. மேஜை துடைத்திருந்தது. சன்னல் விளிம்பில் அந்த உடைந்த கோப்பை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் தண்ணீர் தேங்கி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

மகள் அடுக்களையிலிருந்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள். முன்கை வரை நனைந்திருந்தது. அவள் கோப்பையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"கெடச்சுதாப்பா?"

அவர் கையை நீட்டினார். வலது பக்கம் மேலே இருக்கும்படிதான் நீட்டினார். அவள் அதை எடுத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினாள். அவருக்கு அவளுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. தோள்பட்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. அம்மா சுண்ணாம்புச் செதிலைத் திருப்பிப் பார்ப்பது போலவே அவள் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். நகத்தால் இறக்கை மடிப்பில் எதையோ சுரண்டி எடுத்தாள். அந்த மடிப்பில் பல வருஷத் தூசி இருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது. பூட்டுக்குள் எண்ணெய் விடும் குழாயால் ஊதியிருக்கலாம்.

கடைக்காரர் அறை வாசலில் வந்து நின்று, "போன மாசம்..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும்" என்றாள் மகள் திரும்பாமலே. "அப்பா சொன்னாங்க."

கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார்.

"நீ வந்திருந்தப்ப அடிச்சதுதானம்மா?" என்றார் பூட்டுக்காரர்.

அவள் திரும்பினாள். கண் ஈரமாக இருந்தது. அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஆமாப்பா. இதேதான். அன்னிக்கு இதத்தான் பாத்தேன்."

பொம்மைய நான் பாக்கல, தண்ணியத்தான் பாத்தேன் என்று அவள் மதியம் சொன்னது அவர் காதில் இன்னும் இருந்தது. அவர் தலையசைத்தார்.

"நல்ல சிவப்புப்பா" என்றாள் அவள், அவருக்குச் சொல்லித் தருவது போல. "ரெண்டு பக்கமும் நல்ல சிவப்பு."

கூடத்தில் தூக்க நான்கு பேர் தயாராக நின்றார்கள். மகள் அவர்களை ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டுக் கட்டிலருகே மண்டியிட்டாள். பூட்டுக்காரர் அவள் பக்கத்தில் போய் நின்றார். காலையிலிருந்து அவர் ஓரிடத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. பையில் சாவிகள் சத்தம் போடவில்லை. அவள் அம்மாவின் கையைக் கொஞ்சம் தூக்கி, டிராகனை அதற்கடியில் முதலில் ஒரு மாதிரி வைத்தாள். எடுத்தாள். சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அதைச் சாய்த்து, இடது இறக்கை கீழே போர்வையில் அழுந்தும்படி படுக்க வைத்து, அதன் மேல் அம்மாவின் கையை மெல்ல இறக்கினாள்.